வெண்டைக்காயைச் சோதித்த ராஜா

ரொம்ப காலத்துக்கு முன்னாடி, பூவலூர்னு ஒரு நாட்டை அடலேறு வர்மர்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டு இருந்தாரு. மகா வீரர். மதம் பிடிச்ச யானைக்கு முன்னாடி நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு நிப்பாரு. ஆனா இலையில ஒரு புடலங்காய்த் துண்டு விழுந்துட்டா முகத்தைத் திருப்பிக்குவாரு. கறியும் நெய்ச்சோறும் லட்டும்தான் அவருக்குச் சாப்பாடு. காயெல்லாம் மாட்டுக்குப் படைச்சதுன்னு சபையிலேயே சொல்லுவாரு. சபையில இருந்த பெரிய மனுஷங்களும், வீட்டுல அவியலை மூக்கு முட்டத் தின்னுட்டு வந்து, "ஆமாம் மகாராஜா"ன்னு தலையாட்டுவாங்க.

பலன் என்னாச்சு? ராஜாவுக்கு வயிறு கட்டிக்கிச்சு. அஞ்சு நாளா சபை கூடல. மகாராஜா கொல்லைப்புறத்துல இருக்காரு, வெளியே வந்ததும் நாட்டைக் கவனிப்பாருன்னு காவல்காரன் எல்லாருக்கும் பதில் சொல்லி அலுத்துப்போனான். வைத்தியர் வந்து நாடி பார்த்துட்டு, "மருந்து ஒண்ணும் வேண்டாம். தினமும் காய் சாப்பிடணும்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

அரண்மனையில கோதண்டநாதர்னு ஒரு அதிகாரி. ராஜா சாப்பாட்டுல விஷம் இருக்கான்னு சோதிக்கிறதுதான் அவரு உத்தியோகம். சமையல்காரி ஒச்சாயியை ஊரே புகழுது, நம்மளை ஒரு நாயும் புகழலையேன்னு அவருக்கு வயித்தெரிச்சல். வைத்தியர் போனதுதான் தாமதம், "மகாராஜா காய் சாப்பிடாததுக்கு ஒச்சாயியோட கைப்பக்குவம்தான் காரணம்"னு பத்த வச்சாரு.

ராஜா உடனே ஒச்சாயியைக் கூப்பிட்டாரு. "மூணு நாள் தர்றேன். நானே வாயைத் திறந்து, இன்னும் கொஞ்சம் காய் போடுன்னு கேட்கணும். கேட்கலைன்னா நீ பிள்ளைகுட்டியோட நாட்டை விட்டுப் போயிடணும்" அப்படின்னாரு. ராஜா காய் சாப்பிடலைன்னா சமையல்காரிக்குத் தண்டனை. என்ன ஒரு நீதி பாருங்க.

ஒச்சாயி அழுதுக்கிட்டே மந்திரி செவ்வந்தியப்பர்கிட்ட போய்ச் சொன்னா. மந்திரி நேரா மடப்பள்ளிக்கு வந்தாரு. அடுப்புல வெண்டைக்காய் வதங்கிக்கிட்டு இருந்துது. ஒண்ணை எடுத்து வாயில போட்டாரு. அப்புறம் நாலு எடுத்துப் போட்டாரு.

"நல்லாத்தானேம்மா இருக்கு. ராஜாவுக்கு ஏன் பிடிக்கல?"

"நீங்க சட்டியிலேருந்து எடுத்துத் தின்னீங்க சாமி. ராஜாவுக்கு அப்படியா போகுது? கோதண்டநாதரோட ஆளுங்க மூணு பேரு. முதல் ஆளு ஒரு வாய் தின்னதும், அவன் உயிரோட இருக்கானான்னு ஒரு நாழிகை காத்திருக்கணும். அப்புறம் ரெண்டாவது ஆளு, அப்புறம் மூணாவது ஆளு. அதுவரைக்கும் மூடியே வச்சிருப்பாங்க. கறியும் லட்டும் ஆறினாலும் தாங்கும், காய் தாங்குமா? ராஜா இலைக்குப் போறப்போ கொழகொழன்னு ஆறிக் கிடக்கும். எங்க வீட்டு ஆடுகூட மோந்து பார்க்காது."

"மகாராஜாகிட்ட சொன்னியா?"

"சொல்ல வாயெடுத்தேன். சோதனையை நிறுத்தப் பார்க்கிறா, விஷம் வைக்கத்தான் திட்டம்னு கோதண்டநாதர் குதிச்சாரு. பயந்து வாயை மூடிக்கிட்டேன்."

"சரி, நீ போய் நல்ல பிஞ்சா வாங்கி வை"ன்னு சொல்லிட்டு மந்திரி கிளம்பிட்டாரு.

மறுநாள் ராஜா வயித்தைத் தடவிக்கிட்டே சபைக்கு வந்தாரு. மந்திரி எழுந்து நின்னு, "மகாராஜா, பன்னிரண்டு வருஷமா உங்க உயிரைக் காப்பாத்துறவரு கோதண்டநாதர். அவருக்கு நாளைக்கு ஒரு விருந்து வைக்கணும்"னாரு. கோதண்டநாதருக்கு உச்சி குளிர்ந்து போச்சு.

"ஆனா ஒரு கவலை," மந்திரி இழுத்தாரு. "இவ்வளவு பெரிய மனுஷர் இலையில யாராவது விஷம் வச்சுட்டா? அவருக்கும் சோதனை வேணுமே. அவரோட ஆளுங்களே பார்க்கட்டுமா?"

"ஐயையோ, வேண்டாம்," கோதண்டநாதர் பதறினாரு. "மூணு பயலுகளும் என் பதவிக்கு அலையிறவனுங்க."

"அப்போ இந்த நாட்டுல யாரைத்தான் நம்புவீரு?"

சபையே பார்க்குது. கோதண்டநாதர் கையைக் கட்டிக்கிட்டு, "மகாராஜா ஒருத்தரைத் தவிர இந்த அடியேன் யாரையும் நம்பமாட்டேன்"னு குழைஞ்சாரு.

ராஜாவுக்கு ஒரே சந்தோஷம். "அப்போ நானே சோதிக்கிறேன்."

"அவருக்கு வெறும் காய்கறி விருந்துதான் மகாராஜா," மந்திரி சொன்னாரு.

"அவரு இலை, எனக்கென்ன? ஒரு வாய்தானே."

மறுநாள் மத்தியானம் கோதண்டநாதர் பட்டு உடுத்திக்கிட்டு, கூடத்துல சபையோருக்கு நடுவுல தலைவாழை இலைக்கு முன்னாடி உட்கார்ந்தாரு. ராஜா அடுப்புக்குப் பக்கத்துல நின்னாரு. ஒச்சாயி வெண்டைக்காய் வதக்கலை இறக்கினா. ராஜா கஷாயம் குடிக்கிற மாதிரி கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணை வாயில போட்டாரு. மெல்ல ஆரம்பிச்சவரு கண்ணைத் திறந்தாரு. இன்னொண்ணு எடுத்தாரு.

"விஷம் இருக்கா மகாராஜா?"ன்னு மந்திரி கேட்டாரு.

"அவசரப்படாதேயும். மேல இல்லைன்னா அடியில இருக்கலாம்."

சட்டி பாதியாச்சு. கூடத்துலேருந்து கோதண்டநாதர், "மகாராஜா, இலை காயுது"ன்னு குரல் கொடுத்தாரு. "உம்ம உயிரு விஷயம்யா, பொறுமையா இரும்"னு ராஜா பதில் கொடுத்தாரு. அவரைக்காய்ப் பொரியல் வந்துது. அதையும் தீர சோதிச்சாரு. கத்தரிக்காய் வந்துது. அதுலதான் அவருக்கு ரொம்பச் சந்தேகம். காலிச் சட்டியைப் பார்த்துட்டு, "ஒச்சாயி, இன்னும் கொஞ்சம் காய் போடு"ன்னாரு.

ஒச்சாயி அப்படியே உட்கார்ந்து அழுதுட்டா. அப்பதான் ராஜாவுக்குத் தான் சொன்னது உறைச்சுது.

"இதே காயையா எனக்கும் அனுப்பின?"

"இதே காய்தான் மகாராஜா. மூணு நாழிகை கழிச்சுத்தான் உங்ககிட்ட வரும்."

ராஜா கழுத்து முத்துமாலையைக் கழட்டி ஒச்சாயிகிட்ட கொடுத்துட்டு, "வேற என்ன வேணும்?"னு கேட்டாரு. "அடுப்படியில குறுக்க நிக்காம கொஞ்சம் தள்ளி நின்னா போதும் மகாராஜா"ன்னா. ராஜாவும் தள்ளி நின்னாரு. அப்புறம் கூடத்துக்குப் போனாரு.

"கோதண்டநாதரே, உம்ம விஷயத்துல நான் அசட்டையா இருந்துட்டேன். ஒரு ஆளு சோதிச்சாப் போதுமா? முறைப்படி மூணு பேரு சோதிக்கட்டும். இன்னைக்கு மட்டுமில்ல, ஆயுசு முழுக்க."

ஒச்சாயி புதுசா வெண்டைக்காய் வதக்கி அனுப்பினா. மூணு ஆளும் தின்னாங்க, மூணு நாழிகை காத்திருந்தாங்க, மூணு பேரும் உயிரோடதான் இருந்தாங்க. ஒருவழியா காய் இலைக்கு வந்துது. பசியில கண்ணு இருட்டிப்போன கோதண்டநாதர் அள்ளி வாயில போட்டாரு. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. சபை மொத்தமும் அவரு வாயையே பார்த்துக்கிட்டு இருந்துது.

"மகாராஜா, இதை மனுஷன் திம்பானா?"

"அதைத்தான்யா நான் பன்னிரண்டு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கேன்"னாரு ராஜா.