மண் அடைத்த மணி

முதலில் மணிச் சத்தம்தான் கேட்டது.

காய்ந்த கண்மாயின் நடுவில் ஞானதுரை நின்றான். சுற்றிலும் கருவேலம், வெடித்த தரை. ஆடு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. தூரத்தில் யாரோ பாத்திரம் கழுவுவதுபோல அந்தச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தான்.

கரை ஏறியதும் மந்தை தெரிந்தது. மந்தைக்கு இந்தப் பக்கம், இருந்த ஒரே நிழலில், ஆடு மேய்க்கும் ராக்கு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஐந்தாறு ஆட்டு மணிகள். ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே அடைத்திருந்த மண்ணைக் கருவேல முள்ளால் கிண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அவனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள்.

நிமிர்ந்து பார்த்தாள்.

"பாட்டுக்கார அண்ணனா? மத்த ரெண்டு பேரு எங்க?"

"ஒருத்தன் இப்ப இல்ல. இன்னொருத்தன் வர மாட்டேன்னுட்டான்."

"கித்தாரு?"

"அதையும் கொண்டுவரலை."

அவள் நிழலில் சற்று நகர்ந்து இடம் விட்டாள். அவன் பையை இறக்கி வைத்து உட்கார்ந்தான்.

"ஒண்ணு கேக்கணும்னுதான் ஊர் ஊரா விசாரிச்சு வந்தேன். அன்னைக்கு நான் அவனை என்ன சொல்லிட்டேன்?"

யாரை என்று ராக்கு கேட்கவில்லை. முள்ளை மட்டும் நிறுத்தினாள். அவன் சொல்லத் தொடங்கினான்.

மதுரையில் மூன்று பேர். வருஷா வருஷம் பொங்கல் கழிந்ததும் பத்து நாள், முதுகில் பையை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பிவிடுவார்கள். லாட்ஜ் கிடையாது. பொழுது சாயும்போது எந்த ஊரோ அந்த ஊர். ஒரு மரத்தடி பார்த்து உட்கார்ந்து பாடுவார்கள். ஆட்கள் தானாக வருவார்கள். சோறும் படுக்க இடமும் பின்னாலேயே வரும்.

ஞானதுரைக்குக் கித்தாரும் குரலும். குபேந்திரனுக்குக் கஞ்சிரா. பக்ருதீனுக்கு எதுவும் வராது. சமைப்பான், போனில் பதிவு பண்ணுவான், இவன் பாட்டைக் கேட்டுத்தான் பருப்பு வேக மாட்டேங்குது என்பான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே ராக்குவின் ஆட்டுக் கிடையில், ஒரு அறுப்பு முடிந்த வயலில், விளக்கு வைக்கும் நேரம் பாடினார்கள். மறுநாள் விடிந்தபோது குபேந்திரனைக் காணவில்லை. கஞ்சிரா மட்டும் ஞானதுரையின் பைமேல் இருந்தது.

பிறகு அவன் போனை எடுக்கவே இல்லை. வீட்டுக்குப் போனால், தூங்குகிறார் என்றார்கள். ஞானதுரை இரண்டு தடவை போனான். இரண்டு தடவையும் குபேந்திரன் தூங்கினான்.

இருபதாம் நாள் நெஞ்சுவலியில் போய்விட்டான்.

கோபித்துக்கொண்டுதான் போனான் என்று ஞானதுரைக்குத் தெரியும். எந்தச் சொல்லுக்கு என்பதுதான் தெரியவில்லை. அன்று வழியில் பின்தங்கி வந்தவனை ஆமை என்று கூப்பிட்டிருந்தான். பை தூக்கப் பொண்டாட்டியையும் கூட்டி வந்திருக்கலாமே என்று கேட்டிருந்தான். கை இழுக்குது, தாளம் பின்னால நிக்குது என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தான். எல்லாம் பத்து வருஷமாகச் சொல்வதுதான்.

"இதுல எதுன்னு தெரிஞ்சாப் போதும். அதை நெனச்சு அழுதுட்டு, விட்டுடுவேன். அன்னைக்கு அங்க இருந்தவங்க நீங்க. நீங்கதான் சொல்லணும்."

ராக்கு கையை உயர்த்தினாள்.

அவன் நிறுத்தினான். அவள் மந்தைப் பக்கம் தலையைச் சாய்த்திருந்தாள். அவனும் கேட்டுப் பார்த்தான். மணிகள் கேட்டன. வரும்போது கேட்ட அதே மணிகள்.

அவள் எழுந்து போனாள். ஆடுகளை விலக்கிக்கொண்டு நேராக உள்ளே நடந்து, ஒரு கிழட்டு ஆட்டைக் கழுத்தோடு பிடித்து இழுத்து வந்தாள். அதன் மணியை அவிழ்த்துக் கவிழ்த்துக் காட்டினாள். நாக்கு அசையாமல், வாய்வரைக்கும் சேறு.

"குட்டையில குனிஞ்சு குடிக்கையில அடைச்சுக்கிருது."

"இத்தனை மணிக்குள்ள இது ஒண்ணு கேக்கலைன்னு எப்படித் தெரிஞ்சுது?"

அந்தக் கேள்வி அவளுக்கு விளங்கவில்லை போலிருந்தது.

"கேக்கலையே" என்றாள்.

ஆட்டை விட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். அன்றைக்குப் பாடியது போனில் இருக்கிறதா என்று விசாரித்தாள்.

இருந்தது. இல்லாமல் எப்படி? தினமும் கேட்கிறான். அதற்குப் பிறகு அவன் கித்தாரைத் தொடவே இல்லை. அதற்கு முன்னாலும் அப்படிப் பாடியதில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் அவன் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

"நீங்களே பாதிப் பாட்டுல எந்திரிச்சு எங்கிட்ட வந்தீங்களேம்மா. ஞாபகம் இருக்கா? பேச்சே வரலை உங்களுக்கு. மதுரையில யார் வந்தாலும் அந்த எடத்தைத்தான் போட்டுக் காட்டுவேன். பாருங்க, முன்னப்பின்ன தெரியாதவங்க, பாட்டு கொண்டுவந்து சேர்த்துடுச்சுன்னு சொல்லுவேன்."

ராக்கு கிழட்டு ஆட்டின் மணியை மடியில் எடுத்துக்கொண்டாள்.

"போடுங்க" என்றாள்.

போட்டான். கித்தார் வந்தது. அவன் குரல் வந்தது. கிடையில் இருந்தவர்களின் கைதட்டு. எல்லாவற்றுக்கும் அடியில் கஞ்சிராவின் கிலுகிலுப்பு.

ராக்கு தலை குனிந்து கிழட்டு ஆட்டின் மணியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். சேறு கட்டி கட்டியாக விழுந்தது.

முள் நின்றது.

"நின்னுருச்சு."

"எது?"

"திரும்பப் போடுங்க."

பின்னால் நகர்த்திப் போட்டான். குரல், கைதட்டு, கஞ்சிரா. குரல், கைதட்டு, கஞ்சிரா. குரல், கைதட்டு.

குரல், கைதட்டு.

பாட்டு இன்னும் பாதிகூட ஆகவில்லை.

இரண்டு வருஷம். தினமும்.

"எங்க போனான்?"

"குட்டி அடைக்கிற கூடைக்குப் பின்னால. மேலெல்லாம் வேத்து ஊத்துது. நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. தண்ணி குடுத்தேன். அவுகளைக் கூப்புடவான்னேன். வேணாம்னாரு."

"ஏன்?"

"தாளம் நின்னா அவனே திரும்பிப் பாப்பான்னாரு."

போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. குரல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் அது எப்போதும் நன்றாக ஏறும்.

"முடியுற வரைக்கும் உங்க முதுகையே பாத்துக்கிட்டு இருந்தாரு."

"நான் திரும்பலைன்னா என்ன? நீங்க வந்து எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. வேணாம்னு அவன் சொன்னா—"

"இன்னும் கொஞ்சம் ஓடட்டும்" என்றாள்.

ஓடியது.

கைதட்டுக்கு நடுவில், மிகப் பக்கத்தில், ஒரு பெண் குரல்.

"அண்ணே."

அவனுக்கு மிகப் பிடித்த இடம். எல்லாருக்கும் போட்டுக் காட்டும் இடம். அதற்கு அடுத்து வந்ததை இன்றைக்குத்தான் கேட்டான்.

"அண்ணே, அந்த அண்ணனுக்கு—"

கித்தார் ஒரு கணம் நின்றது. பிறகு அவனுடைய குரல், மூச்சு வாங்க, சிரித்துக்கொண்டே.

"நன்றிம்மா. ரொம்ப நன்றி."

பாட்டு மறுபடி தொடங்கியது. கைதட்டு கூடியது.

ராக்கு மடியிலிருந்து அடுத்த மணியை எடுத்தாள். முள்ளை உள்ளே விட்டு, மண்ணைக் கிண்டத் தொடங்கினாள்.