ஒன்ஸ்மோர் வாங்கிய பாட்டு

நாடகக் குழுவுக்கு வாத்தியார் அங்கயற்கண்ணி. அவரிடம் பாடம் கேட்ட பூவலிங்கத்துக்குப் பத்து வயது கூடுதல். அதனால் மாணவர் ஆசிரியரை 'வாத்தியாரம்மா' என்பார். ஆசிரியர் மாணவரை 'அண்ணே' என்பார். குழுவில் யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை.

புது நாடகத்தில், கோபித்துக்கொண்டு கிளம்பும் மனைவியைத் தடுக்கக் கணவன் வேஷத்தில் பூவலிங்கம் ஒரு பாட்டுப் பாடுவார். மானாமதுரையில் ஜனங்கள் மூன்று தடவை 'ஒன்ஸ்மோர்' கேட்டார்கள். மூன்று தடவையும் மனைவி வேஷக்காரி வீட்டுக்குள் போய், மூட்டையோடு மறுபடி கிளம்பினாள். கடைசித் தடவை கொட்டகையே சிரித்தது. பூவலிங்கத்தின் காதில் அது விழவில்லை. கைதட்டலில் மனிதர் குளிர்ந்துபோயிருந்தார்.

மறுநாள் காலை ஒத்திகையில் அங்கயற்கண்ணி அந்தப் பாட்டை நாடகத்திலிருந்து எடுத்துவிட்டார்.

"ராகத்துல குத்தமா, வாத்தியாரம்மா?"

"இல்லண்ணே."

"தாளத்துல?"

"அதுவும் இல்ல. கதையில ஒட்டல."

"மூணு ஒன்ஸ்மோர் வாங்கின பாட்டு! அது இல்லாட்டி நானும் இல்ல. வேற குழு பாத்துக்கிறேன்."

கத்திவிட்டார். அங்கயற்கண்ணியின் முகம் வாடிப்போனது. பிறகு தன்னுடைய துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நான்தான் பொண்டாட்டி. கோவிச்சுக்கிட்டுப் போறேன். பாடி நிறுத்துங்க."

பூவலிங்கம் கண்ணை மூடினார். இழைத்து இழைத்துப் பாடினார், சுரம் போட்டார், ஒரு குறையும் வைக்காமல் முடித்தார். கண்ணைத் திறந்தால் எதிரே ஆள் இல்லை.

"அம்மா பஸ்ஸுக்குப் போயிட்டாங்களே" என்றார் ஆர்மோனியக்காரர்.

பூவலிங்கம் செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். சாலையில் மதுரை பஸ் நின்றிருந்தது. அங்கயற்கண்ணி ஒரு காலைப் படியில் வைத்துவிட்டார்.

"வாத்தியாரம்மா! கோவத்துல சொன்னதுக்கா இப்படி? பாட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஊமை வேஷம் குடுத்தாலும் போடுறேன். நீங்க போயிட்டா நான்... எனக்கு..."

அதற்குமேல் அவருக்குப் பேச வரவில்லை. கண்டக்டர் விசில் ஊதாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கயற்கண்ணி காலைக் கீழே இறக்கினார். அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

"இப்பப் பாடுங்கண்ணே" என்றார்.