வாசப்படிப் பெஞ்சு

இந்தக் கதையில் கெட்டவர் என்று ஒருவர்கூட இல்லை. தீர்ப்புச் சொல்வது அதனால்தான் கஷ்டம். முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு என்மேல் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கோயம்புத்தூரில் ஒரு காலனி. அங்கே லூர்துராஜ் என்று ஒருவர், முப்பது வருஷம் பட்டறையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வு என்றால் சும்மா இருப்பது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. இடித்த வீட்டுக் கதவு, உடைந்த கட்டில், சரக்குப் பெட்டிப் பலகை என்று எது கிடைத்தாலும் தூக்கிவந்து, தோட்டத்தில் போடும் ஸ்டூலாகவோ மேசையாகவோ ஆக்கிவிடுவார். சில ஸ்டூல்கள் ஆடும். "வெளியில போடறதுதானே, கொஞ்சம் ஆடினா என்ன, காத்தோட்டமா இருக்கும்" என்பார்.

அடுத்த தெரு தெய்வானையம்மாளின் பழைய ஓட்டு வீட்டை, அடுக்குமாடி கட்டுவதற்காக அவருடைய மகன் கொடுத்துவிட்டார். வீட்டு மரமெல்லாம் லாரியில் வந்து லூர்துராஜின் வாசலில் இறங்கியது. அம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தம்பி, பார்க்குல ஒரு சுத்து வந்தா முட்டி கழண்டு போகுது. சாஞ்சு உக்கார ஒரு பெஞ்சு பண்ணிப் போடுங்க. எங்க வூட்டு மரத்துல நானும் ஒருக்கா உக்காந்துக்கறேன்."

"பண்ணிப்போடறேனுங்கம்மா. மொதல்ல உக்காரப்போறதே நீங்கதான். அதுவரைக்கும் ஒருத்தரையும் உக்கார விடமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தார் லூர்துராஜ்.

கால்களுக்கு உத்தரக் கட்டை, முதுகு சாய ஜன்னல் சட்டம். உட்கார? உட்காரும் அகலத்துக்கு, கனமாக ஒரே ஒரு பலகைதான் குவியலின் அடியில் கிடந்தது. ஒரு பக்கம் சுண்ணாம்பு அப்பியிருந்தது. மறுபக்கம் தேய்க்கத் தேய்க்க மஞ்சள் மஞ்சளாக வந்தது. லேத்துக்காரருக்கு இரும்பு அத்துப்படி, மரம் அரைகுறை. வேங்கை மரத்தில் மஞ்சள் சாயம் இறங்கும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தார். "அடி சக்கை, அசல் வேங்கை!" என்று குதித்தார். இரண்டு முனையிலும் இருந்த சதுரத் துளைகளை மரத்துண்டு வைத்து அடைத்தார். மஞ்சள் பக்கம் மேலே இருக்கும்படி பூட்டி, வார்னிஷ் அடித்து, பார்க்கில் கொண்டுபோய் நிறுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை காலனியே கூடி நின்றது. புதுச் சேலை கட்டி வந்த தெய்வானையம்மாள், உட்காரப் போனவர் விருட்டென்று நிமிர்ந்தார்.

"அட சாமி! இது எங்க வூட்டு வாசப்படியாச்சே!"

ஐம்பது வருஷம் வெள்ளி தவறாமல் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த வாசப்படி. அதைத் தாண்டித்தான் போவாரே தவிர, ஒருநாளும் மிதித்ததில்லை. அதில் உட்காருவதாவது! லூர்துராஜின் முகத்தில் ஈயாடவில்லை. அம்மாள் திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். "தெரியாமத்தானே பண்ணுனீங்க, விடுங்க" என்று சொல்லிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்துபோனார். பாவம், அதுதான் இவரைப் போட்டு வாட்டியது.

வாக்கு வாக்குதான் என்று ஒரு வாரம் யாரையும் பெஞ்சை நெருங்கவிடாமல் காவல் காத்தார் லூர்துராஜ். நடக்க வந்தவர்கள் நின்றபடியே முணுமுணுத்தார்கள். ஒரு நாய் மட்டும் பெஞ்சுக்கு அடியில் சுகமாகப் படுத்திருந்தது. அடியில் படுப்பதைப் பற்றி அவர் எதுவும் வாக்குக் கொடுக்கவில்லை அல்லவா?

காலனிச் செயலாளர் நாச்சிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த ஞாயிறு லூர்துராஜ் சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்து, ஸ்பேனரோடு வந்து பலகையைக் கழற்றினார். சுண்ணாம்பைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, அடிப்பக்கம் மேலே வருகிற மாதிரி பூட்டினார். பிறகு தெய்வானையம்மாளிடம் போய், கூசாமல் ஒரு பொய் சொன்னார்.

"வாசப்படியைக் கழட்டிப் பத்திரமா வெச்சாச்சுங்க. இப்ப இருக்கறது உங்க வூட்டுக் கதவுப் பலகை. தைரியமா வந்து உக்காருங்க."

அம்மாள் வந்து உட்கார்ந்தார். "அப்பாடா!" என்று சாய்ந்து, காலை நீட்டி, வாய்விட்டுச் சிரித்தார். கூட வந்த மருமகள் கல்பனாவின் கண்ணில் அந்தச் சதுர அடைப்புகள் பட்டன. அதே பலகைதான் என்று புரிந்துவிட்டது. ஆனால் வீடு போனதிலிருந்து மாமியார் சிரித்து அவள் பார்க்கவே இல்லை. அந்தச் சிரிப்பைக் கெடுப்பானேன் என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

சர்ச்சிலிருந்து திரும்பிய லூர்துராஜுக்கு அம்மாள் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும் தலைகால் புரியாத சந்தோஷம். கிட்டே வந்தார். அடைப்புகளைப் பார்த்தார். நாச்சிமுத்து கண்ணடித்தார். என்ன நடந்தது என்று லூர்துராஜுக்கு விளங்கிவிட்டது.

பேசாமல் இருந்துவிட்டால் கொடுத்த வாக்கும் நிறைவேறும், அம்மாளின் சிரிப்பும் நிலைக்கும். வாயைத் திறந்தால் எல்லாம் போச்சு. லூர்துராஜ் இரண்டு தரம் திரும்பிப் போகப் பார்த்தார், முடியவில்லை.

"அம்மா, இது அதே வாசப்படிதானுங்க. திருப்பிப் போட்டிருக்குது."

நாச்சிமுத்து தலையில் அடித்துக்கொண்டார். அம்மாளின் சிரிப்பு நின்றது. முதுகுச் சட்டத்தைப் பற்றிக்கொண்டு மெல்ல எழுந்துவிட்டார்.

ஒருவர் பொய் சொல்லி உட்கார வைத்தார். ஒருத்தி தெரிந்தும் பேசாமல் இருந்தாள். ஒருவர் உண்மையைச் சொல்லி எழுப்பியே விட்டார். மூன்று பேருமே பிரியத்தால் செய்தவர்கள். நீங்களே சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

விடை: லூர்துராஜ் செய்ததுதான் சரி. அது இன்னமும் வாசப்படியா, வெறும் பலகையா என்று முடிவு செய்யும் உரிமை தெய்வானையம்மாள் ஒருவருக்குத்தான் உண்டு. மற்ற இருவரும் அவருக்குப் பதிலாகத் தாங்களே முடிவு செய்துவிட்டார்கள். எழுந்த அம்மாள் குனிந்து பலகையைத் தடவிப் பார்த்தார். "அடிப்பக்கமா? இது தரையில பொதைஞ்சு கெடந்த பக்கமாச்சே! இதுக்கு நான் எங்க மஞ்சள் பூசுனேன்? திருப்பிப் போடலாமான்னு என்னையக் கேட்டிருந்தா அன்னிக்கே சரின்னிருப்பேன்." பிறகு நாச்சிமுத்துவையும் மருமகளையும் ஒரு பார்வை பார்த்தார். "வூட்டை இடிக்கறப்பவும் ஒருத்தரும் என்னையக் கேக்கல. ஒரு பெஞ்சுக்காச்சும் கேக்கக்கூடாதா?" இரண்டு பேரும் தலை குனிந்தார்கள். அம்மாள் மறுபடியும் உட்கார்ந்தார், இந்தத் தடவை தெரிந்தே.