படுத்துப் பார்க்கக் கூடாத மெத்தை

கிட்ட வந்து உக்காருங்க. இன்னும் கிட்ட. இது மெத்தைக் கதை, தூரத்துல இருந்து கேட்டா சுகம் தெரியாது. கையில இருக்கிற போனை மடியில கவுத்து வைங்க, அதுவும் கேட்டுட்டுப் போகட்டும்.

போடிக்குக் கிழக்கே கூளையம்பட்டி என்று ஒரு ஊர். அங்கே தவசி என்று ஒருத்தர் இலவம்பஞ்சு மெத்தை தைத்து விற்று வந்தார். கூட்டாளிகள் ரெண்டு பேர். மொக்கையன் பஞ்சு அடைப்பார். அடைத்தது சரியாக இருக்கிறதா என்று படுத்துப் பார்ப்பார், சாயங்காலம் எழுந்திருப்பார். இன்னொருத்தர் ஒச்சப்பன். மூணு பேரில் அவர்தான் அறிவாளி. எப்படி அறிவாளி என்கிறீங்களா? மதுரையில் ஒரு கட்டடத்தில் லிஃப்டில் ஏறி, யாரும் சொல்லிக் கொடுக்காமலே வெளியே வந்தவர். அதனால் கடை செல்போன் அவர் பொறுப்பில் இருந்தது.

நல்லாத்தான் போய்க்கொண்டிருந்தது தொழில். அப்புறம் சனங்கள் போனிலேயே மெத்தை வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். பாய் மாதிரி சுருட்டி, டப்பாவில் அடைத்து, வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போகிறானாம். பிரித்தால் புஸ்ஸென்று உப்புமாம். தவசி கடைக்கு ஈ கூட வரவில்லை. வந்த ஈயும் மொக்கையன் மேல்தான் உட்கார்ந்தது.

தவசியின் மச்சினன் பாண்டீஸ்வரன் தேனியில் செல்போன் கடை வைத்திருந்தான். அவன் வந்து, "மச்சான், பேசாம இதை மூடிட்டு என் கடைக்கு வந்துருங்க. வேலை சுளுவு. செல்போன் மாதிரி ஒரு பொம்மை உடுப்பு இருக்கு. அதை மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னு ஆடணும், அவ்வளவுதான்" என்றான்.

"ஆடணுமா?"

"சின்னதா. இடுப்பை மட்டும்."

தவசிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஊர்க் கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருகிற மனுசன். பெண் கொடுத்த வீட்டுக் கடை வாசலில் இடுப்பை ஆட்டினால் அந்த இடம் என்ன ஆவது? "மாப்ள, பொங்கல் வரைக்கும் பொறு. ஒரு பெரிய ஆர்டர் பிடிக்கலேன்னா நானே வந்து உடுப்பை மாட்டிக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

மச்சினனும் கெட்டவன் இல்லை. மெத்தையைப் படம் பிடித்து ஆன்லைனில் போட்டுவிட்டான். மறுநாளே சென்னையிலிருந்து ஒரு அம்மா, 'மெத்தை மெதுமெதுன்னு இருக்குமா?' என்று கேட்டு எழுதியிருந்தது.

மூணு பேரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"இருக்கும்னு எழுதுவமா?" என்றார் தவசி.

"எழுதுனா எவன் நம்புவான்? அவங்களே அனுபவிச்சுப் பாக்கட்டும்" என்றார் ஒச்சப்பன். போனை மெத்தை நடுவில் வைத்து, கழுத்துவரைக்கும் போர்வையைப் போர்த்திவிட்டார்.

சாயங்காலம் வரைக்கும் பதில் இல்லை. "அசந்துட்டாங்க. எழுப்பாதீக" என்றார் மொக்கையன், பொறாமையோடு.

ரெண்டு நாள் கழித்து வந்த பாண்டீஸ்வரன் தலையில் அடித்துக்கொண்டான். "சார்ஜ் போயிருச்சுய்யா! போன் பேசாம கெடந்தா மொதல்ல சார்ஜ் போடணும், தெரிஞ்சுக்கங்க. இன்னொன்னு, போனுக்கு ஓடிபின்னு ஒரு நம்பர் வரும். அதை எந்த மனுசன் கேட்டாலும் சொல்லக் கூடாது. சொன்னா எல்லாத்தையும் உருவிட்டுப் போயிருவான். பெத்த தாய் கேட்டாலும் சொல்லாதீக."

ஒச்சப்பன் ரெண்டையும் மனசில் எழுதி வைத்துக்கொண்டார். அவர் ஒன்றை மனசில் வைத்தால் வைத்ததுதான்.

அந்தச் சமயம்தான் சிறுதொழில் சங்கத்துச் செயலாளர் தவசியைக் கூப்பிட்டுவிட்டார். கோயம்புத்தூரில் மூணு நாள் தொழில் கண்காட்சியாம். "ஆன்லைன்ல என்னய்யா தெரியும்? படம் தெரியும். மெத்தையெல்லாம் நேர்ல காட்டுற பொருள். போங்க. நாலு பேரைப் பாத்துக் கை குலுக்குங்க. ஸ்டாலைக் காலியா விட்டுறாதீங்க. பொருள் அழுக்காகாமப் பாத்துக்கங்க" என்றார்.

போனார்கள். இருக்கிறதிலேயே பெரிய மெத்தையை வேன் மேலே கட்டிக்கொண்டு போனார்கள்.

அந்த மண்டபம் இருக்கிறதே, பத்துத் திருவிழாவைச் சேர்த்து உள்ளே தள்ளிப் பூட்டின மாதிரி. ஒரு பக்கம் செண்டை மேளம். ஒரு பக்கம் மைக். எல்லார் கழுத்திலும் ஒரு அட்டை தொங்குகிறது. விற்க வந்தவன் விற்க வந்தவனிடம் சீட்டு நீட்டுகிறான், அவனும் பதிலுக்கு ஒன்று நீட்டுகிறான். வாங்க வந்த ஆள் யாரென்று பார்த்தால், சும்மா கொடுக்கிற துணிப்பையை வாங்க வந்த ஆள்தான் பாதி. மீதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டே நடந்து தூணில் முட்டினார்கள்.

பக்கத்து ஸ்டாலில் கோட்டு போட்டு, டை என்று கழுத்துப்பட்டை கட்டின ஒரு தம்பி இருந்தான். 'இனி எங்கும் அலைய வேண்டாம், எல்லாம் ஆன்லைனில்' என்று பெரிசாக எழுதிப் போட்டிருந்தான்.

"நீ எதுக்குத் தம்பி அலைஞ்சு வந்த?" என்று தவசி கேட்டார்.

"இதைச் சொல்லத்தாங்க. வருசா வருசம் வந்துருவேன். ஆன்லைன்ல சொன்னா யாருங்க கேக்குறாங்க?" என்றான் அவன். தவசிக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது.

ஸ்டாலைக் காலியாக விடக் கூடாதே, மூணு பேரும் வாசலை அடைத்துத் தோளோடு தோள் நின்றார்கள். வந்தவர்கள் எட்டிப் பார்த்து, உள்ளே நுழைய வழியில்லாமல் போனார்கள். கை குலுக்குகிற வேலையைத் தவசி முதல் மணி நேரத்திலேயே முடித்துவிட்டார். வாசல் காவலாளி, வண்டி நிறுத்துகிற இடத்துக்காரர், கழுத்துப்பட்டைத் தம்பி, டீ கொண்டுவந்தவர். நாலு பேர் ஆயிற்று. நிம்மதியாகக் கையைக் கட்டிக்கொண்டார்.

அப்போதுதான் ஜெசிந்தா என்று ஒரு அம்மா வந்தது. அந்தம்மாவுக்குக் கொடைக்கானலில் பெரிய தங்கும் விடுதி. அறை அறையாக மெத்தை மாற்றப் போகிறது. சிரித்துக்கொண்டே கையை நீட்டியது.

தவசி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "முடிஞ்சிருச்சுங்கம்மா. டீக்காரரோட சரி."

அந்தம்மா ஒன்றும் புரியாமல் மெத்தையைப் பார்த்தது. "இலவம்பஞ்சா? படுத்துப் பாக்கலாமா?"

மூணு பேரும் பதறிப்போனார்கள். அழுக்காகக் கூடாதென்று மெத்தையை ரெண்டு சுற்று பிளாஸ்டிக்கில் சுற்றி, கயிறு கட்டி வைத்திருந்தார்கள்.

"படுத்தா அமுங்கிருமேம்மா. ஊரே படுத்து எந்திரிச்ச மெத்தையை எவன் வாங்குவான்?" என்றார் மொக்கையன்.

"அப்ப நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

ஒச்சப்பன் சுவரைக் காட்டினார். அங்கே அதே மெத்தையின் போட்டோ மாட்டியிருந்தது. "அதை எம்புட்டு நேரம் வேணும்னாலும் பாருங்க."

"போட்டோவை நான் வீட்லயே பாத்திருப்பேனேப்பா. எதுக்கு மலை இறங்கி வந்தேன்?"

"வீட்ல சின்னதாத் தெரியும்" என்றார் ஒச்சப்பன்.

அந்தம்மா போய்விட்டது. மறுநாளும் அதே கதைதான். வந்த ஒவ்வொருத்தரும் படுக்கணும் என்கிறார்கள், இவர்கள் போட்டோவைக் காட்டுகிறார்கள். மூணாம் நாள் மத்தியானம் தவசி கண்ணை மூடினால் செல்போன் உடுப்பு தெரிந்தது. அதற்குள்ளே தன் தொப்பை இடித்தது.

"ஒரு பயலும் ஆர்டர் குடுக்கல. நான் ஆடித்தான் ஆகணும் போலடா" என்றார்.

"அதுக்குள்ள எவனாச்சும் நமக்குத் தெரியாமப் படுத்துட்டா?" என்றார் மொக்கையன். அவர் கவலை அவருக்கு.

"காவல் போடணும்" என்றார் ஒச்சப்பன். "மெத்தையில ஒரு ஆள் படுத்திருந்தா இன்னொரு ஆள் எப்படிப் படுக்க முடியும்?"

அப்பா, என்ன மூளை! மொக்கையன் உடனே பிளாஸ்டிக்கை உருவிவிட்டு மேலே ஏறிப் படுத்துக் காவல் காத்தார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கிளம்பியது. எதிரே செண்டை அடிக்கிறான், மைக்கில் ஒருத்தர் வளர்ச்சி வளர்ச்சி என்று கத்துகிறார், மொக்கையன் காதில் ஒன்றும் ஏறவில்லை. கூட்டம் கூடிவிட்டது. ஆளாளுக்குப் படம் எடுத்தார்கள். கழுத்துப்பட்டைத் தம்பி ஒருத்தன்தான் பொறாமையில் முகம் தூக்கி வைத்திருந்தான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜெசிந்தா அம்மா திரும்ப வந்தது. குனிந்து மொக்கையனைப் பார்த்தது. கையால் மெத்தையை அழுத்தியும் பார்த்தது. "இந்தச் சத்தத்துலயும் ஒரு மனுசன் இப்படித் தூங்குறாருன்னா வேற என்ன வேணும்? எங்க எல்லா ரூமுக்கும் இதான். ஆர்டர் போட்டுர்றேன்."

தவசிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மனசுக்குள் அந்த உடுப்பைக் கழற்றி வீசினார். "ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துருங்க தாயி."

"சீட்டா? அதெல்லாம் ஒழிச்சாச்சுங்க. நேர்ல பாத்தாலும், கையால தொட்டாலும், பக்கத்துலயே நின்னாலும் ஆர்டர் ஆன்லைன்லதான் வரணும். உங்க போன் நம்பர் சொல்லுங்க, பதிவு பண்றேன்." தவசி சொல்லச் சொல்லத் தட்டியது. "இப்ப ஒரு ஓடிபி வரும். அதைச் சொன்னீங்கன்னா முடிஞ்சது."

ஒச்சப்பன் பையில் போன் கூவியது. எடுத்துப் பார்த்தார். உதடு அசையாமல் படித்தார். போனைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

"என்ன நம்பர்?" என்றது அந்தம்மா.

"வந்திருக்கு."

"சொல்லுங்க."

"மாட்டேன்."

"அது நான்தாங்க அனுப்பினேன்!"

"அனுப்புனவுகளுக்குத் தெரியாதா? எங்கிட்ட ஏன் கேக்குறீக?"

தவசி அவர் சட்டையைப் பிடித்தார். "டேய் ஒச்சப்பா, என் மானம்டா! எங்கிட்டயாவது சொல்லித் தொலைடா!"

"பெத்த தாய்க்கே கிடையாதுண்ணே. நீங்க யாரு?"

தவசி பையைப் பறிக்கப் பாய்ந்தார். ஒச்சப்பன் முந்திக்கொண்டார். நம்பரை மனப்பாடம் பண்ணி, போனில் அழித்தே விட்டார். அந்தம்மா இன்னொரு தடவை அனுப்பியது. அதையும் மனப்பாடம் பண்ணி அழித்தார். மூணாவதையும்தான். கடைசியில் அந்தம்மா பெருமூச்சு விட்டு, மொக்கையன் காலடியில் மெத்தை ஓரமாக உட்கார்ந்து, தன் போனைத் தடவி, டப்பாவில் வருகிற சுருட்டின மெத்தையை அறை அறைக்கும் வாங்கிவிட்டு எழுந்தது. "உக்காரச் சுகமா இருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனது. மரியாதை தெரிந்த மனுசி.

"நல்லவேளை, உருவ விடல" என்றார் ஒச்சப்பன், நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

பொங்கல் கழிந்தது. வாக்கு வாக்குதானே. தேனிக் கடைவீதியில், மச்சினன் கடை வாசலில், ஆள் உயரச் செல்போனுக்குள் நின்றுகொண்டு தவசி இடுப்பை ஆட்டினார். கண்ணுக்கு மட்டும் ரெண்டு ஓட்டை. ஊர்க்காரர்கள் யாரும் தன்னை அடையாளம் தெரிந்துகொள்ளக் கூடாதே என்று உள்ளே மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

ஒச்சப்பன் வந்தார். எதிரே நின்று மேலும் கீழும் பார்த்தார். ரோட்டின் ரெண்டு பக்கமும் பார்த்தார். அப்புறம் கிட்டே வந்து ஓட்டையில் வாயை வைத்து, மூணு நம்பரையும் ஒன்றுவிடாமல் கிசுகிசுவென்று ஒப்பித்தார்.

"மனுசன்கிட்டத்தான சொல்லக் கூடாது? நீங்க இப்பப் போனுதானண்ணே. ஆர்டரைப் போட்டு விடுங்க" என்றார்.

உள்ளே தவசிக்குப் பேச்சு வரவில்லை. ஆட்டமும் நின்றுவிட்டது.

ஒச்சப்பன் கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தார். போன் பேசாமல் கிடந்தால் முதலில் என்ன செய்யணும் என்று அவருக்குத் தெரியாதா? கடைக்குள் போய்ச் சார்ஜர் ஒயரை இழுத்துக்கொண்டு வந்து, எங்கே சொருகுவது என்று தவசியைச் சுற்றிச் சுற்றி வந்து தேட ஆரம்பித்தார்.