பாறை பதில் சொல்லும் வரை

அந்தக் காலத்தில் பாறைகளுக்கும் பேச்சு இருந்தது. ஆனால் அது மிக மெதுவான பேச்சு. விடியலில் ஒன்று கேட்டால், பொழுது சாயும்போதுதான் பதில் வந்து முடியும். ஒரு குன்று உருவாக எத்தனை யுகங்கள் ஆகும் என்று நினைத்தால், அது தாமதமே இல்லை.

குடைக்கல் குன்றின் அடிவாரத்தில் கல் பிளக்கும் கொம்பனும் அவன் மனைவி மாசாத்தியும் வாழ்ந்தார்கள். எந்த இடத்தில் அடிக்கலாம் என்று அவள் காலையில் பாறையிடம் கேட்பாள். மாலையில் பாறை இடத்தைச் சொல்லும். அங்கே கொம்பன் சம்மட்டியால் ஒரே ஓர் அடி கொடுப்பான். பழுத்த பலாவிலிருந்து சுளை கழன்று வருவதுபோல் கல் தனியே வந்துவிடும்.

ஓர் ஐப்பசியில், ஊர் ஏரியின் மதகைத் தாங்கிய உத்தரக் கல்லில் விரிசல் விழுந்தது. மதகு இடிந்தால் கரை போகும். கரை போனால் அதன் கீழே இருந்த நாற்பது வீடுகளும் போகும்; அவற்றில் ஒன்று அவர்களுடையது. பன்னிரண்டு முழ நீளத்தில் புதிய கல் வேண்டும். கிழக்கே மேகம் அடுக்கடுக்காக ஏறிக்கொண்டிருந்தது.

மாசாத்தி விடியலிலேயே கேட்டுவிட்டுப் பாறையருகே அமர்ந்திருந்தாள். உச்சிப்பொழுது ஆனது. பாறையின் ஆழத்தில் ஒரு முனகல் மட்டும் தொடங்கியிருந்தது.

“உன் பாறை வாயைத் திறக்கிறதுக்குள்ள நம்ம ஊரு கடலுக்குப் போய்ச் சேர்ந்திடும்” என்றான் கொம்பன்.

“என்னைப் பொண்ணு கேட்டு வந்தப்போ எங்கப்பா மூணு நாள் பதிலே சொல்லல. அப்ப மட்டும் காத்திருந்தீங்களே” என்றாள் மாசாத்தி.

அவன் சிரித்தான். சிரித்தபடியே கிழக்கைப் பார்த்தான், சிரிப்பு நின்றுவிட்டது. சம்மட்டியைத் தூக்கி, தனக்குச் சரியென்று பட்ட இடத்தில் ஓங்கி அடித்தான்.

காலடியில் தரை அதிர்ந்தது. வெட்டுப்பட்ட கோடு மின்னலைப்போல் கோணிக்கொண்டு ஓடியது. எதற்கும் உதவாத மூன்று துண்டுகள் சரிந்து விழுந்தன. முனகல் பாதியில் அறுந்தது. அதுவரை அந்தக் குன்றில் அப்படி ஓர் அமைதியை இருவரும் கேட்டதில்லை.

பிளவிலிருந்து ஒரு தேரை வெளியே வந்தது. வெயிலை எத்தனையோ காலம் கழித்துப் பார்ப்பதால் கண்ணைச் சுருக்கிக்கொண்டது.

“கதவைச் சம்மட்டியால தட்டுற விருந்தாளியை இப்பதான் பார்க்கிறேன்” என்றது.

பாறைக்குக் கோபமா என்று கொம்பன் தலை குனிந்து கேட்டான்.

“கோபம் இல்லை. அது பேசுற இடத்துலயே அடிச்சுட்டே. பூமிக்கு அடியில குன்றெல்லாம் ஒரே கல்லு. இனிமே எந்தக் குன்றும் பேசாது.”

கொம்பனின் கையிலிருந்து சம்மட்டி நழுவியது. இனி எந்த இடம் என்று யாரிடம் கேட்பது? மேகமோ நெருங்கிக்கொண்டிருந்தது. மாசாத்தி தேரையின் முன்னால் குந்தி உட்கார்ந்து, இடுக்கே இல்லாத பாறைக்குள் அது எப்படிப் போனது என்று விசாரித்தாள். மயிரிழை போன்ற கீறல் வழியே கசிந்த தண்ணீரின் பின்னாலேயே தான் போனதாகத் தேரை சொன்னது.

“தண்ணி வந்து வழி கேட்டா பாறை இல்லேன்னு சொல்லாது. ஏன்னா, தண்ணி அவசரப்படாம கேக்கும்.”

மாசாத்தி எழுந்து சிறு சுத்தியலால் குன்றைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக்கொண்டே நடந்தாள். சில இடங்களில் கீறல் விழுந்த பானையைப்போல் ஒலி அடைத்தது. அங்கே உள்விரிசல் இருந்தது. ஓரிடத்தில் மட்டும் மணியைப்போல் கணீரென்று நீண்டது. அந்த இடத்தில் கொம்பன் உளியால் ஒரே நேர்கோட்டில் சிறு குழிகளை வெட்டினான். காய்ந்த மர ஆப்புகளை அவற்றில் இறுக்கினார்கள். மறுநாள் விடியலில் மாசாத்தி ஒவ்வோர் ஆப்பின்மீதும் தண்ணீர் ஊற்றினாள்.

பிறகு காத்திருந்தார்கள். கயிறும் உருளைக்கட்டையுமாக ஊரே வந்து நின்றது. தூறல் விழுந்தது. கொம்பனின் கை சம்மட்டியைத் தேடியது. அதைத் தரையில் கிடத்தி, அதன்மேலேயே அவன் உட்கார்ந்துகொண்டான். தண்ணீர் குடித்த மரம் குழிக்குள் பருத்து, மெல்ல நெரியும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் பாறை ஒரே ஓர் ஒலி எழுப்பியது. உரத்த ஒலி அல்ல. நெடுநேரம் அடக்கிய மூச்சை விடுவதுபோல் ஒன்று. கோடு பிசகாமல் குன்று விலகிக் கொடுத்தது. உலகம் தோன்றிய நாள் முதல் வெளிச்சமே படாத அதன் உட்புறம், மணி மணியாக மின்னிக்கொண்டு எல்லோர் முன்னாலும் திறந்து கிடந்தது. நாற்பது வீட்டு மக்களில் ஒருவரும் அதைத் தொடத் துணியவில்லை. முதலில் கொம்பன்தான் போய், அதன்மேல் உள்ளங்கையை வைத்து, வெகுநேரம் எடுக்காமல் நின்றான்.

அன்றிரவே கல் மதகின்மேல் ஏறியது. மறுநாள் தொடங்கிய பெருமழை ஏழு நாள் பெய்தும் கரை அசையவில்லை. பேச்சிழந்த பாறைக்குத் துணை வேண்டுமென்று தேரை மீண்டும் கல்லுக்குள்ளேயே போய்விட்டது.

கல் பிளப்பவர்கள் அடிப்பதற்கு முன் தட்டிக் காது வைப்பதும், ஆப்புக்குத் தண்ணீர் ஊற்றியபின் சம்மட்டியைத் தரையில் கிடத்திவிட்டு வாய் பேசாமல் உட்கார்ந்திருப்பதும் அந்த மாலையில் தொடங்கியவைதான். பாறையிடம் எஞ்சியிருப்பது ஒரே ஒரு சொல், பிளக்கும்போது எழும் அந்த மூச்சொலி. அதை அது சொல்லி முடிக்கும்வரை இன்றும் காத்திருக்கிறார்கள்.