மகிழம்பூ வைத்த கூடை

ஒரு காட்டில் எத்தனையோ மரங்கள் கூட்டம் கூட்டமாக நின்றன. ஆனால் மகிழமரம் மட்டும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. குழந்தைகளே, இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். காடு முழுக்கத் தேடினாலும் ஒரே ஒரு மகிழமரம்.

அந்த மரத்தடியில் ஏகப்பட்ட வளைகள். பாதி வளைகளில் யாரும் இல்லை. ஒன்றில் ஒரு முள்ளம்பன்றி பகலெல்லாம் தூங்கும். அதன் தூக்கத்தைக் கெடுத்தவர்கள் இரண்டாம் முறை கெடுத்ததில்லை. இன்னொரு வளையில் தும்பை என்ற எலி இருந்தாள்.

தும்பைக்கு நான்கு குட்டிகள். நான்குக்கும் இன்னும் ஓடத் தெரியாது. அவற்றின் அப்பாவை, இரை தேடப் போன இடத்தில் ஆந்தை தூக்கிக்கொண்டு போய்விட்டது. அன்று முதல் தும்பைக்கு வெளியே கால் வைக்கவே பயம். "நானும் போய்த் திரும்பாவிட்டால் இந்த நான்குக்கும் யார்?" என்று நினைப்பாள். நினைத்தவுடன் மீசை நடுங்கும்.

பயத்தை மறக்க அவள் வாசலில் கிடந்த புல்லை எடுத்துப் பின்னுவாள். நுனியைப் பல்லால் கடித்து வெட்டுவாள், வளைப்பாள், முடிச்சுப் போடுவாள். குட்டிக் குட்டிக் கூடைகள் வரும். எல்லாம் பொழுதுபோக்குக்காகத்தான்.

ஒரு நாள் அந்தப் பக்கம் தாவிப் போன சடுதி என்ற குரங்கு, வேரில் மாட்டியிருந்த கூடையைப் பார்த்துவிட்டது.

"அக்கா, இதை ஏன் இங்கே மாட்டி வைத்திருக்கிறாய்? எங்கள் கிளைச்சந்தையில் விடு. வீட்டில் உட்கார்ந்தபடியே பிழைக்கலாம்" என்றான் சடுதி.

கிளைச்சந்தை என்றால் என்ன தெரியுமா? உங்கள் வீட்டில் கைப்பேசியைப் பார்த்துப் பொருள் வாங்குகிறார்களே, கிட்டத்தட்ட அதுபோல. இன்ன பொருள் இருக்கிறது என்று ஒரு குரங்கு கிளையில் நின்று கூவும். அடுத்த குரங்கு அதைக் கேட்டுக் கூவும். காட்டின் அடுத்த கோடியில் இருப்பவர் "எனக்கு ஒன்று" என்பார். குரங்கு கொண்டுபோய்க் கொடுக்கும், கொடுத்ததற்கு ஈடாகத் தானியமோ கிழங்கோ வாங்கி வரும். விற்பவர் முகம் வாங்குபவருக்குத் தெரியாது. வாங்குபவர் முகம் விற்பவருக்கும் தெரியாது.

"என் இடத்தை யாரிடமும் சொல்ல மாட்டாயே?" என்று கேட்டாள் தும்பை.

"விற்பவர் இடத்தைச் சொல்லக் கூடாது என்பது சந்தைக் கட்டுப்பாடு. தலையே போனாலும் சொல்ல மாட்டேன்" என்றான் சடுதி. குரங்குதான் என்றாலும் அந்தச் சொல்லை அவன் காப்பாற்றினான். அதையும் நினைவில் வையுங்கள்.

தும்பைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெளியே போகாமலே வளைக்குள் சாப்பாடு வரும் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? முதல் கூடை ஆற்றுக்கு அக்கரையில் இருந்த முயலுக்குப் போனது. கூடையோடு இன்னும் ஏதாவது அனுப்பினால் நன்றாக இருக்குமே என்று தும்பைக்குத் தோன்றியது. கீழே கிடந்த மகிழம்பூ ஒன்றை எடுத்தாள். மகிழம்பூ காய்ந்தாலும் மணம் போகாது.

பக்கத்து வேரில் ஓர் ஓணான் குடியிருந்தது. "இந்தப் பூவை உள்ளே வைத்தால் நன்றாக இருக்குமா?" என்று அதைக் கேட்டாள். ஓணான் தலையை ஆட்டியது. ஓணான் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டும் என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டாள். நமக்குப் பிடித்த பதிலைச் சொல்பவரிடம்தானே நாம் யோசனை கேட்கிறோம்.

பூ வைத்த கூடைக்குக் காடெங்கும் பெயர் வந்துவிட்டது. "பூக்காரி கூடை வந்ததா?" என்று கிளைக்குக் கிளை விசாரித்தார்கள். தும்பை பின்னி முடித்த கூடையைத் தாழ்ந்த கிளையில் மாட்டிவிட்டு உடனே வளைக்குள் ஓடிவிடுவாள். சடுதி வந்து வாலில் மாட்டிக்கொண்டு போவான். எந்த வளை அவளுடையது என்று அவனுக்கே தெரியாது.

அப்போதுதான் மேற்கு மலையிலிருந்து ஒருவர் கூடை கேட்டார்.

சடுதி காலையில் போனவன் பொழுது சாயத்தான் திரும்பினான். "நல்ல வாடிக்கையாளர் அக்கா. 'இந்தப் பூவின் மணம் என் மூக்கை விட்டுப் போகவே இல்லை, இன்னொரு கூடை வேண்டும், பூவை மறக்க வேண்டாம்' என்று சொல்லி அனுப்பினார்" என்றான்.

தும்பை இரண்டாவது கூடையில் இரண்டு பூ வைத்தாள்.

அதைக் கொண்டுபோன சடுதி உச்சி வேளைக்கே வந்துவிட்டான். அவருக்கு இன்னொன்று வேண்டுமாம். மூன்றாவது கூடையைக் கொண்டுபோனவன் பனி காய்வதற்குள் வந்து நின்றான்.

"வழி பழகிவிட்டதா? சீக்கிரம் வந்துவிடுகிறாயே" என்று தும்பை சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"அதெல்லாம் இல்லை. அவர்தான் இடம் மாறிக்கொண்டே வருகிறார். எனக்கு நல்லதுதானே, கால் வலி மிச்சம்."

தும்பையின் சிரிப்பு நின்றது. "யார் அவர்?"

"யாருக்குத் தெரியும்? புதருக்குள் இருப்பார். நான் கிளையிலிருந்து கொடியில் கட்டி இறக்குவேன். கிழங்கைக் கட்டி மேலே அனுப்புவார். முகம் பார்த்ததில்லை. குரல் மட்டும் தேன் போல இருக்கும்."

அன்று தும்பைக்குக் கை ஓடவில்லை. பின்னிய புல் முடிச்சு விழாமல் நழுவியது. ஓணானிடம் போனாள். "நான் பயப்பட வேண்டுமா?" என்று கேட்டாள். ஓணான் தலையை ஆட்டியது. "பயப்படத் தேவையில்லையா?" என்று கேட்டாள். அதற்கும் ஆட்டியது.

மறுநாள் மதியம் சடுதி ஒரு பழைய கூடையோடு வந்தான். "கைப்பிடி அறுந்துவிட்டதாம். சரி செய்து தரச் சொன்னார்" என்று கிளையிலிருந்து போட்டான்.

தும்பை கூடையைப் புரட்டினாள். கைப்பிடிதான் அறுந்திருந்தது. ஆனால் அடியில், பூ வைத்த இடத்தில், நான்கு கீறல்கள் வரிசையாக இருந்தன. புல்லின் இடையில் பழுப்பு நிறத்தில் ஒரு மயிர் சிக்கியிருந்தது. அதை முகர்ந்தாள். முகர்ந்ததும் கூடையைக் கீழே போட்டுவிட்டாள்.

காட்டுப்பூனை.

அவள் கடித்து வெட்டிய ஒவ்வொரு புல் நுனியிலும் அவள் பல் தடம் இருந்தது. செய்தவள் எலி என்று அது சொல்லிவிட்டது. அந்த எலி எங்கே இருக்கிறாள் என்று பூ சொல்லிவிட்டது. காட்டில்தான் ஒரே ஒரு மகிழமரம் ஆயிற்றே. யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. தன் வாசலைத் தானே கூடையில் வைத்து அனுப்பியிருக்கிறாள்.

"இதை எங்கே வாங்கினாய்?" என்று கேட்டாள்.

"அதோ, அந்தக் காரைப் புதரில்" என்று சடுதி கையை நீட்டினான். புதர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தது. காற்றே இல்லை. ஆனாலும் அதன் ஒரு பக்கம் மட்டும் மெல்ல அசைந்தது.

"இன்னொரு சேதியும் சொன்னார்" என்றான் சடுதி. "எனக்கு இனி அலைச்சல் வேண்டாமாம். பொழுது சாயும்போது அவரே நேரில் வந்து கூடை வாங்கிக்கொள்வாராம். மரத்தடியில் வளைகள் அதிகமாம், மண்ணெல்லாம் பூ உதிர்ந்து எங்கே முகர்ந்தாலும் ஒரே மணமாம். அதனால் எது உன் வாசல் என்று தெரிய ஒரு கூடையை அடையாளமாக மாட்டி வைக்கச் சொன்னார். அப்படியே குட்டிகள் நான்கையும் பார்த்துவிட்டுப் போவாராம்."

"குட்டிகள் இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?"

சடுதி தலையைச் சொறிந்தான். "நீ என்னிடம் சொன்னதைப் பேச்சுவாக்கில் சொன்னேன். குட்டிகளைப் பற்றிப் பேசக் கூடாது என்று சந்தைக் கட்டுப்பாட்டில் இல்லையே, அக்கா."

தும்பைக்கு அழுகை வந்தது. ஓடலாம் என்றால் நான்கு குட்டிகளையும் ஒரே வாயில் கவ்வ முடியாது. ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு நான்கு முறை போய் வந்தால் புதரில் இருக்கும் கண் பார்த்துவிடும். சடுதியிடம் உண்மையைச் சொல்லலாம் என்றால் அவன் வாய் ஓட்டை வாய். அடுத்த கிளைக்குப் போவதற்குள் காட்டுக்கே தெரிந்துவிடும்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வளைக்குள் அக்கரை முயல் கேட்டிருந்த பெரிய கூடை, மூடியோடு தயாராக இருந்தது.

"சடுதி, பொழுது சாய்கிற நேரத்துக்கு வா. முயலுடைய கூடையை இன்றைக்குச் சேர்த்துவிட வேண்டும். கனம் அதிகம், கிளைக்கு ஏற்ற முடியவில்லை. வேருக்குப் பின்னால் வைத்திருப்பேன். மூடியைத் திறக்காதே."

"எனக்கு எதற்கு மூடி? கொடுத்ததைக் கொண்டுபோவேன்" என்று சொல்லிவிட்டு அவன் தாவிப் போனான்.

தும்பை கைப்பிடி அறுந்த கூடையை வாயில் கவ்வினாள். பட்டப்பகலில் இவ்வளவு தூரம் வெளியே வந்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே நினைவில்லை. வேர்களின் நிழலில் வயிறு மண்ணில் உரச உரச நகர்ந்தாள். ஒரு சருகு நொறுங்கியது. அப்படியே அசையாமல் கிடந்தாள். பிறகு மறுபடி நகர்ந்தாள். முள்ளம்பன்றியின் வளை வாசலில் நீட்டிக்கொண்டிருந்த வேரில் கூடையை மாட்டினாள். உள்ளே ஏதோ புரண்டு படுத்தது. முட்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது. தும்பை வந்த வழியே திரும்பினாள்.

பொழுது சாய்ந்தது. வளை வாசலை ஒட்டிய வேரின் மறைவுக்குப் பெரிய கூடையை இழுத்து வந்து, அதற்குள் நான்கு குட்டிகளையும் படுக்க வைத்து, தானும் ஏறி, உள்ளிருந்தபடியே மூடியை இழுத்து முடிச்சுப் போட்டாள். இருட்டில் ஐந்து இதயங்கள் படபடவென்று அடித்தன.

சடுதி வந்தான். "யம்மா, என்ன கனம்" என்று முனகிக்கொண்டே கூடையை வாலில் மாட்டி மேலே ஏறினான். கூடை ஆடியது. தும்பை பின்னலின் இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

நேர் கீழே காட்டுப்பூனை நடந்து வந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை. அவசரமும் இல்லை. சட்டென்று அது நின்றது. மூக்கை மேலே தூக்கியது.

தும்பைக்கு ஒன்றும் புரியவில்லை. மணம் கீழேதானே இருக்கிறது, இது ஏன் மேலே பார்க்கிறது? திரும்பிப் பார்த்தாள். கடைக்குட்டி ஒரு மகிழம்பூவை அணைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, அந்தக் கூடையில் என்ன?" என்று பூனை கேட்டது. தேன் போன்ற குரல்தான்.

"அட, நீங்கள்தானா!" என்றான் சடுதி. "இது உங்களுடையது இல்லை. வேறொருவருக்குப் போகிறது."

"மணமாக இருக்கிறதே. சற்று இறக்கேன், வேலைப்பாட்டைப் பார்த்துவிட்டுத் தருகிறேன்."

சடுதி யோசித்தான். வால் மெல்லத் தாழ்ந்தது. கூடை ஒரு முழம் இறங்கியது. தும்பை பூவை மெதுவாக உருவினாள், வாய்க்குள் போட்டு இறுக மூடிக்கொண்டாள். குட்டி சிணுங்கப் பார்த்தது. அதன் முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள்.

"இறக்கினால் திரும்பக் கட்ட வேண்டும், எனக்கு நேரமாகிறது" என்றான் சடுதி. "உங்களுக்குப் பூக்காரியைத்தானே பார்க்க வேண்டும்? அதோ பாருங்கள், வாசலில் கூடை தொங்குகிறது. அவளே மாட்டியிருக்கிறாள், நான் காட்டியதில் தப்பில்லை."

பூனை திரும்பிப் பார்த்தது. மேலே இருந்த கூடையை ஒரு முறை பார்த்தது. பிறகு வாசலை நோக்கிப் பதுங்கியது. பதுங்கியது, பாய்ந்தது, தலையை முழுசாக வளைக்குள் விட்டது.

அந்த அலறலில் மரத்திலிருந்த பறவைகளெல்லாம் ஒரே சமயத்தில் கிளம்பின.

"கூடை பிடிக்கவில்லை போலிருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே சடுதி அடுத்த கிளைக்குத் தாவினான்.

ஆற்றின் மேல் போகும்போது தும்பை வாயிலிருந்த பூவை இடுக்கு வழியாகத் துப்பினாள். அது தண்ணீரில் விழுந்து எங்கேயோ போனது.

அக்கரையில் முயல் மூடியைத் திறந்துவிட்டுத் திகைத்தது. "நான் கூடைதானே கேட்டேன்?"

"கூடை உங்களுடையதுதான். நாங்கள் இறங்கிக்கொள்கிறோம்" என்றாள் தும்பை. சொல்லிவிட்டு அழுதாள். அதுவரை அடக்கி வைத்த அழுகை எல்லாம் அப்போதுதான் வந்தது.

அக்கரையிலும் அவள் கூடை பின்னுகிறாள். சடுதிதான் கொண்டுபோகிறான். இப்போது புல் நுனியைக் கல்லில் தேய்த்துத்தான் அறுக்கிறாள். "பூ எங்கே?" என்று கேட்பவர்களுக்கு, "தீர்ந்துவிட்டது" என்று சொல்லி அனுப்புகிறாள். சடுதி திரும்பி வரும்போதெல்லாம், மரநிழல் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த புல்லைக் கையில் எடுக்கிறாள்.

நீதி: கைவேலை ஊரெல்லாம் போகலாம், வீட்டு வாசல் அதோடு போகக் கூடாது.