பத்து லட்சத்து மூன்று

“இந்த எண் எதுக்கும் பிடிகொடுக்க மாட்டேங்குது, அம்மா,” என்றார் தணிகாசலம்.

எண், பத்து லட்சத்து மூன்று. ஒன்றையும் அந்த எண்ணையும் தவிர, அதை மீதியில்லாமல் வகுக்கும் வேறு எண் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். இல்லையென்றால் இல்லையென்று சொல்ல வேண்டும். நான்கு வருஷத்துக்கு முன் உலகம்மாள் கொடுத்த வேலை.

உலகம்மாள் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனாலும் ஆசிரமத்தில் எல்லோருக்கும் அம்மாதான்.

“எதுவரைக்கும் வந்திருக்கீங்க?”

“நாற்பத்து மூவாயிரம் வரைக்கும் ஒவ்வொண்ணா வகுத்துட்டேன்.”

“பரவாயில்லை. இன்னும் ஒன்பதரை லட்சம்தானே.”

தணிகாசலம் சிரிக்கவில்லை.

வேலை முடிகிற அன்றே ஊருக்குப் போய் அண்ணனைப் பார்ப்பதாக, வந்த நாளில் உலகம்மாளிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அப்பா செத்தபோது அவர் போகவில்லை. அண்ணன்தான் தனியாக நின்று கொள்ளி வைத்தார்.

அந்த அண்ணன் இப்போது படுத்த படுக்கை. காலையில் மூன்றாவது கடிதம் வந்திருந்தது.

“நோட்டையெல்லாம் எடுத்துட்டு வாங்க,” என்றார் உலகம்மாள்.

இருபத்திரண்டு நோட்டுகள்.

முதல் நோட்டில் ஒவ்வொரு கணக்குக்கும் கீழே, ஈவைத் திருப்பிப் பெருக்கிச் சரிபார்த்திருந்தது. சில இடங்களில் இரண்டு தடவை. எங்கும் அடித்தல், திருத்தல்.

அந்த நோட்டு ஆயிரத்தோடு முடிந்தது.

இரண்டாவது நோட்டில் சரிபார்ப்பே இல்லை. கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருந்தது.

“இதுக்கப்புறம் ஏன் சரிபார்க்கலை?”

தணிகாசலம் மற்ற நோட்டுகளை நேராக அடுக்கத் தொடங்கினார்.

“சொல்லுங்க.”

“ஆயிரத்துக்கு மேல ஒண்ணு இதை வகுத்தா, ஈவு ஆயிரத்துக்குள்ள வரணும், அம்மா. ஆயிரத்துக்குள்ள இருக்கிறதெல்லாம் பார்த்தாச்சு. ஒண்ணும் வகுக்கலை.”

“அப்போ மேலேயும்?”

“ஒண்ணும் இருக்காது.”

“இது எப்போ தெரியும்?”

“ரெண்டாவது மாசம்.”

“மிச்ச மாசமெல்லாம்?”

“வகுத்துக்கிட்டிருந்தேன்.”

உலகம்மாள் நோட்டை மூடினார். வெளியே யாரோ விறகு பிளந்துகொண்டிருந்தார்கள்.

“அண்ணன் முகம்கொடுத்துப் பேசலைன்னா?” என்று கேட்டார் தணிகாசலம்.

“அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தீங்களா?”

“இல்லை.”

உலகம்மாள் இருபத்திரண்டு நோட்டுகளையும் அள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

தணிகாசலம் செருப்பைத் தேடினார்.